இரண்டு முகத்துவாரங்கள், ஒரு கப்பல்

கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் எப்போதாவது ஏறியிருக்கிறீர்களா? ஏறியிருந்தால், எண்ணூர் ஸ்டேஷன் தாண்டியதும் செல்போனிலிருந்து ஒரு நிமிடம் தலையைத் தூக்கிப் பாருங்கள். அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் ரயில் ஒரு பாலத்தின் மேல் போகும். கீழே அகலமான தண்ணீர். ஓரத்தில் அலையாத்திச் செடிகள். நடுவில் ஒன்றிரண்டு ஃபைபர் படகுகள். தூரத்தில் புகைபோக்கிகள், மின்கோபுரங்கள். அந்தத் தண்ணீர்தான் கொசஸ்தலை ஆறு. பூண்டி, வல்லூர் என்று ஊர் ஊராகத் தாண்டி வந்து கடலில் சேரும் இடம் இது.

சேரும் இடத்துக்கு முகத்துவாரம் என்று பெயர். அந்தப் பெயரிலேயே அங்கே ஒரு கிராமம் இருக்கிறது, முகத்துவாரக்குப்பம். பக்கத்தில் காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், எண்ணூர்க்குப்பம். ஆவணப்படி இது சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலம். 2011-ல் கத்திவாக்கம் நகராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தபோது எண்ணூரும் சேர்ந்தது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இவை கிராமங்கள்தான். வாசலில் வலை காயும். ஊர் கூடிப் பேசி எடுத்த முடிவை மீறி ஒருவர் தனியாகத் தொழிலுக்குப் போக மாட்டார். பேரப்பிள்ளைகள் பாட்டியை ‘ஆயா’ என்று கூப்பிடுவார்கள். ஆற்றில் ஓதம் ஏறுகிறதா, வடிகிறதா என்பதைப் பார்த்துத்தான் அந்த வீட்டின் காலை தொடங்கும்.

இதே மாதிரி இன்னொரு கிராமத்தைப் பற்றியும் இந்த வாரம் சொல்ல வேண்டும். அது இருப்பது இந்தோனேசியாவில்.

போர்னியோ தீவின் கிழக்கே, கலிமந்தான் பகுதியில் மகாகம் என்று ஒரு ஆறு ஓடுகிறது. 900 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கரையில் மரக்கால் நட்டு, அதன் மேல் பலகை வீடுகள். வீட்டுக்கு வீடு போவதற்கும் பலகைப் பாதை. வாசலில் நீண்ட குச்சி போன்ற மோட்டார் பொருத்திய சின்னப் படகு. ஆறு கடலில் கலக்கும் டெல்டாவில் இறால், நண்டு பிடித்துப் பிழைப்பவர்கள் நிறைய. அங்கே முகத்துவாரத்தை ‘முவாரா’ என்கிறார்கள். முவாரா ஜாவா, முவாரா பாடாக் என்று ஊர்ப் பெயர்களே அப்படித்தான். நம் முகத்துவாரக்குப்பம் மாதிரியே!

ஒற்றுமை பெயரோடு நிற்கவில்லை. அதே மகாகம் ஆற்றின் மேல்பகுதியில் முவாரா காமான் என்று ஓர் ஊர். மூலவர்மன் என்ற அரசனின் யூபக் கல்தூண்கள் அங்கேதான் கிடைத்தன. மொத்தம் ஏழு. ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் பழையவை. மொழி சமஸ்கிருதம், எழுத்தோ முற்காலப் பல்லவ எழுத்து. நம் கடற்கரையிலிருந்து போன எழுத்து அது. இந்தோனேசியாவில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகள் இவைதான் என்கிறார்கள். இன்று ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அப்போது இங்கிருந்து எழுத்து போனது. இப்போது அங்கிருந்து என்ன வருகிறது? நிலக்கரி.

வெப்ப மின் நிலையங்களில் எரிக்கும் நிலக்கரியை உலகிலேயே அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடு இந்தோனேசியா. அதில் கிழக்குக் கலிமந்தானுக்குப் பெரிய பங்கு. காட்டை வெட்டி, மண்ணைத் தோண்டி எடுக்கும் கரியைத் தட்டையான பார்ஜுகளில் மலைபோலக் குவிக்கிறார்கள். ஒரு பார்ஜில் 7,000, 8,000 டன் வரை இருக்கும். இழுவைப் படகு அதை மகாகம் ஆற்றில் இழுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்கு வருகிறது. அங்கே கடலில் நிற்கும் பெரிய கப்பலுக்கு மிதக்கும் கிரேன்கள் அதை மாற்றுகின்றன. அந்தக் கப்பல்கள் போய்ச் சேரும் நாடுகளில் முக்கியமானது இந்தியா. 2022 ஜனவரியில் உள்நாட்டுத் தட்டுப்பாடு காரணமாக இந்தோனேசியா சில வாரங்கள் ஏற்றுமதியை நிறுத்தியபோது, இங்கே மின்துறையினர் காலண்டரையும் கையிருப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம். அது உருவானதே முக்கியமாக மின் நிலையங்களுக்குக் கரி இறக்குவதற்காகத்தான். இங்கு வரும் கரியில் பெரும்பங்கு ஒடிசாவிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாக வருகிறது. அதோடு கலந்து எரிக்க இந்தோனேசியக் கரியும் வருகிறது. ஏன் கலக்கிறார்கள்? நம் நாட்டுக் கரியில் சாம்பல் அதிகம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட இருக்கும். இந்தோனேசியக் கரியில் சாம்பல் குறைவு.

இன்னொரு விஷயமும் இதில் உண்டு. முன்பு சென்னைத் துறைமுகத்திலேயே கரி இறக்கினார்கள். ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கமெல்லாம் கரித்தூள் படிகிறது என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2011-ல் அங்கே கரி கையாள்வது நின்றது. அந்த வேலை எண்ணூருக்குப் போனது. ராயபுரத்து மொட்டைமாடிகளில் துணி வெள்ளையாகக் காய ஆரம்பித்தது. நல்லதுதான். ஆனால் தூசி மறைந்துவிடவில்லை. இருபது கிலோமீட்டர் வடக்கே தள்ளிப் போனது. அவ்வளவுதான்.

இப்போது நம் வீட்டுக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க ஏறக்குறைய முக்கால் கிலோ கரி வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் கரியில் வந்த மின்சாரம் என்றால் 300 கிலோ கரி. அதில் மிஞ்சும் சாம்பல் சுமார் 100 கிலோ. இரண்டு சிமென்ட் மூட்டை எடை! கரண்ட் பில்லில் யூனிட் இருக்கும், ரூபாய் இருக்கும். இந்த இரண்டு மூட்டைக்கு மட்டும் வரி எதுவும் இருக்காது.

அந்த மூட்டை எங்கே போகிறது என்று கேட்டால், காட்டுக்குப்பத்துக்காரர்கள் ஆற்றைக் கை காட்டுவார்கள்.

எண்ணூரைச் சுற்றி எத்தனை மின் நிலையங்கள் என்று பாருங்கள். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது, 450 மெகாவாட். ஆற்றுக்கு வடக்கே வடசென்னை அனல் மின் நிலையம். அதன் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட். 2024 மார்ச்சில் மூன்றாவது கட்டமாக 800 மெகாவாட் சேர்ந்தது. பக்கத்தில் வல்லூர், 1,500 மெகாவாட். கரி எரிந்து மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழம்பாக்கி, குழாய் வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆற்றோரமாகவே போகின்றன. பழைய குழாய். அங்கங்கே கசிவு, அங்கங்கே உடைப்பு. கசிந்த சாம்பல் ஆற்றின் அடியில் படிந்துவிட்டது. சாம்பல் குளத்தை ஒட்டியிருக்கும் செப்பாக்கம் கிராமத்தில் காற்றடித்தால் சோற்றுத் தட்டிலும் சாம்பல் விழும்.

ஆற்றின் அடியில் சாம்பல் படிந்தால் என்ன ஆகும்? நமக்கு ஆறு என்றால் மேலே தெரியும் தண்ணீர். மீனவருக்கு ஆறு என்றால் அடியில் இருக்கும் சேறு. இறால் ஒளிந்திருப்பது சேற்றில். நண்டு வளை தோண்டுவது சேற்றில். மட்டி வளர்வது சேற்றில். முன்பு ஆள் மட்டம் ஆழம் இருந்த இடத்தில் இன்று முழங்கால் அளவு தண்ணீர் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். வடியும் நேரத்தில் படகு தரை தட்டுகிறது. எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் மேடு என்று அப்பா சொல்லிக் கொடுத்த கணக்கு மகனுக்கு உதவவில்லை.

இந்த ஆற்றில் கையாலேயே இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண், பெண் இருவருமே. இருளர் குடும்பங்களுக்கு இது பரம்பரைத் தொழில். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் தடவித் தடவி நகர்வார்கள். விரலுக்குத் தட்டுப்படும் இறாலை அமுக்கிப் பிடித்து, ஓலைப் பறியில் போடுவார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். மணிக்கணக்கில் இப்படியே. படகு வேண்டாம், டீசல் வேண்டாம், முதல் போட வேண்டாம். ஏழைக்கு ஆறு கொடுத்த வேலை அது. அந்தச் சேற்றில்தான் இப்போது சாம்பல்.

போதாததற்குச் சில ஆண்டுகளாக இன்னொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்கிறார்கள். கறுப்பாக, கொத்துக் கொத்தாக, சேற்றின் மேல் ஜமுக்காளம் விரித்தது போல் படர்ந்துவிடும் ஒரு சிப்பி. தென் அமெரிக்கப் பக்கத்தைச் சேர்ந்தது. கப்பல்கள் எடைச் சமநிலைக்காக நிரப்பி வரும் கடல் தண்ணீரிலோ, கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டோ வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அது படர்ந்த இடத்தில் இறால் சேற்றுக்குள் இறங்க முடியாது. உள்ளூர் மட்டி பிழைக்காது. தடவிப் பிடிப்பவரின் கையை அதன் விளிம்பு கிழிக்கும். விற்கவும் ஆகாது. தொழிலையே மூடிப் போடும் ஜமுக்காளம்.

சரி, மகாகம் கரையில் இருப்பவர்களாவது நன்றாக இருக்கிறார்களா? கரி அவர்கள் மண்ணிலிருந்துதானே போகிறது, காசு அவர்களுக்குத்தானே வர வேண்டும்?

ஆற்றில் பார்ஜ் போவதை அவர்கள் பார்க்கிறார்கள். அவ்வளவு பெரிய பார்ஜ் திரும்பும்போது சின்னப் படகு ஒதுங்கி நிற்க வேண்டும். சமாரிந்தா நகரத்துப் பாலத்தின் தூண்களில் பார்ஜ் மோதிய சம்பவங்கள் உண்டு. கரி தோண்டிய பிறகு மூடாமல் விட்ட பள்ளங்களில் மழைநீர் தேங்கி, பச்சை ஏரிகள் போலக் கிடக்கின்றன. அவற்றில் குளிக்கப் போன குழந்தைகள் பலர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். மகாகம் ஆற்றில் ‘பெசுத்’ என்று ஒரு ஓங்கில் வாழ்கிறது. நம் ஒடிசாவின் சிலிகா ஏரியில் இருக்கும் அதே இனம். மகாகமில் இப்போது மிஞ்சியிருப்பவை நூறுக்கும் குறைவு. டெல்டாவில் அலையாத்திக் காடுகளின் பெரும்பகுதி இறால் பண்ணைகளுக்காக ஏற்கெனவே வெட்டப்பட்டுவிட்டது.

ஆக, கப்பல் புறப்படும் முகத்துவாரத்தில் பள்ளம் மிஞ்சுகிறது. கப்பல் சேரும் முகத்துவாரத்தில் மேடு மிஞ்சுகிறது. நடுவில் இருக்கும் நமக்கு வெளிச்சமும் ஃபேன் காற்றும் கிடைக்கிறது.

இதைப் படிக்கும் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக எழுதவில்லை. எண்ணூர் மீனவர் வீட்டிலும் ஃபேன் ஓடுகிறது. டி.வி. ஓடுகிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அந்த மின் நிலையங்களிலேயே ஒப்பந்த வேலை பார்க்கிறார்கள். தொழிற்சாலையே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆற்றை விட்டுவையுங்கள் என்றுதான் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

விட்டுவைத்தோமா? தேதிகளை மட்டும் பாருங்கள். 2017 ஜனவரி 28. துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் கொட்டியது. எர்ணாவூர் கரையில் இளைஞர்கள் பிளாஸ்டிக் வாளியால் எண்ணெயை அள்ளியதை டி.வி.யில் பார்த்தோம். 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றுக்குள் புகுந்து, படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்பாக அப்பியது. கூழைக்கடாக்கள் எண்ணெயில் நனைந்த சிறகோடு நின்றன. அப்போதும் அள்ளியவர்கள் பெரும்பாலும் மீனவர்களே. கையில் வாளியும் மக்கும்தான். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அரசு நிவாரணத் தொகை அறிவித்தது. ஆனால் அதன் பிறகும் பல வாரங்கள், ‘எண்ணூர் மீனா?’ என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள் வாடிக்கையாளர்கள். மீன் நன்றாக இருந்தாலும் ஊர்ப் பெயர் கெட்டுப்போனது. அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதே மாதம் 26-ம் தேதி, நள்ளிரவு நெருங்கும் நேரம். ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து கடலுக்கடியில் வரும் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். டிசம்பர் 26 என்ற தேதி அந்தக் கரையில் யாருக்கும் மறக்காது. 2004-ல் சுனாமி வந்ததும் அன்றைக்குத்தான். அந்தச் சுனாமி பிறந்தது இந்தோனேசியாவின் சுமத்ரா அருகில். அது இயற்கையின் செயல். 19 வருடம் கழித்து, அதே தேதியில் அவர்களை ஓட வைத்தது இயற்கை இல்லை.

என்ன செய்யலாம்? பெரிய பெரிய திட்டங்கள் பேசப்படுகின்றன. பேசட்டும். எண்ணூர் மக்கள் கேட்பவை சாதாரணமானவை. சாம்பல் குழாயைக் கசியாமல் மாற்றுங்கள். படிந்த சாம்பலை எடுத்து ஆற்றை ஆழப்படுத்துங்கள். காக்கா ஆழியை அகற்றுங்கள். அதை அகற்றும் வேலையை எங்களுக்கே கூலியோடு கொடுங்கள், ஆறு எங்களுக்குத் தெரியும். வாயு கசிந்தால் உடனே ஒலிக்கும் சைரன் வையுங்கள், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். புதிதாக ஒன்று கட்டுவதற்கு முன், இருப்பவற்றைச் சரிசெய்யுங்கள். இதில் நடக்க முடியாதது எது?

நம் பங்குக்கும் ஒன்றிரண்டு உண்டு. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேனை நிறுத்துவதை அப்பா சொன்னால் கஞ்சத்தனம் என்று சிரிக்கிறோம். இரண்டு மூட்டைச் சாம்பலில் கொஞ்சம் குறையும் என்று நினைத்துக்கொண்டால் சிரிப்பு வராது. மொட்டைமாடியில் சோலார் போட வசதி இருப்பவர்கள் யோசிக்கலாம். மீன் வாங்கும்போது ‘எண்ணூர் மீனா?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘ஆறு இப்ப எப்படிம்மா இருக்கு?’ என்று ஒரு வார்த்தை கூடக் கேட்கலாம். பதில் சொல்ல அந்த அம்மாவுக்கு நிறைய இருக்கும். பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கூட்டிப் போகலாம். மாலுக்குப் போகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிவது மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு, அந்தக் கம்பியின் மறுமுனை எங்கே இருக்கிறது என்பதும் தெரியட்டும்.

அங்கே கரையில் நின்றால் கிழக்கே தொடுவானத்தில் வரிசையாகக் கப்பல்கள் தெரியும். முறை வரக் காத்து நிற்பவை. அதில் ஒன்று மகாகம் முகத்துவாரத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். புறப்படும்போது அங்கேயும் கரையில் ஒரு குழந்தை அதைக் கை காட்டியிருக்கும். இந்தோனேசிய மொழியில் கப்பலுக்கு என்ன சொல் தெரியுமா? ‘கபால்’. நம் கப்பல்தான். கடை, கூலி, பெட்டி போல, பல நூற்றாண்டுகளுக்கு முன் நம் வணிகர்களோடு கடல் தாண்டிப் போன சொல்.

அந்தக் குழந்தை ‘கபால்’ என்று கத்தியிருக்கும். இங்கே ஆயாவின் இடுப்பில் இருக்கும் குழந்தை ‘கப்பல்’ என்று கத்துகிறது. இரண்டு பேரும் வளர்ந்து பெரியவர்களாகும்போது, அவர்கள் கால் நனைக்க இரண்டு ஆறுகளும் இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.